தேயிலை ஊருக்குப் போன உப்புக்காரிங்க

இந்தப் புளியில கொட்டை எடுத்து முடிக்கிறதுக்குள்ள நீ தூங்கிடணும், சரியா? தலைய இப்படித் தொடையில வையி. என் கை பிசுபிசுன்னு இருக்கு, தட்டிக் குடுக்க முடியாது. வாயாலதான் தூங்க வைக்கணும். ம் கொட்டிக்கிட்டே வா. ம் நின்னா கதையும் நின்னுடும்.

ரொம்பத் தூரத்துல ஜப்பான்னு ஒரு தேசம். அங்க கடலோரமா ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு மாமியா, ஒரு மருமக. மாமியா பேரு தோமே, மருமக பேரு இசோ.

என்ன பேரா? அந்தப் பக்கம் அப்படித்தான் வைப்பாங்க. உன் பேரச் சொன்னா அவங்க சிரிப்பாங்க.

ரெண்டு பேருக்கும் உப்பு எடுக்குற வேலை. ஆனா நம்ம உப்பளத்துல மாதிரி வெயில்ல உப்பு பூக்காது அங்க. எப்பப் பாத்தாலும் மழை. அதனால கடல் தண்ணிய பெரிய சட்டியில ஊத்தி, விறகு வச்சு, கொதகொதன்னு காய்ச்சித்தான் எடுக்கணும். காய்ச்சினது நல்ல உப்பாயிருச்சா இல்லையான்னு சொல்றது தோமேயோட நாக்கு. ஒரு கல்லை நுனி நாக்குல வைப்பா. "ஆச்சு"ன்னா ஆச்சு. "ஆகல"ன்னா ஆகல. அவ்வளவுதான்.

அப்போ ஒரு வருசம் தோமேக்கு காய்ச்சல் வந்துச்சு. ஒரு மாசம் படுக்கை. காய்ச்சல் போச்சு, போகும்போது நாக்குல இருந்த ருசியையும் சுருட்டிக்கிட்டுப் போயிருச்சு. சோறு மண்ணு மாதிரி இருக்குங்குறா. மீனு மரத்தூள் மாதிரி இருக்குங்குறா. அப்புறம் சாப்பாட்டையே நிறுத்திட்டா. இடுப்புல ரெண்டு சுத்து வர்ற கச்சை மூணு சுத்து வந்துச்சு, அப்புறம் நாலு சுத்து வந்துச்சு. ஆனா திட்டுறது மட்டும் நிக்கல. நாக்கு அதுக்கு மட்டும் நல்லா வேலை செஞ்சுச்சு.

நம்ம அப்பாயி மாதிரியா? ஷ்ஷ். கதையக் கேளு.

இசோவுக்கு பயம் வந்துருச்சு. புருசன் கப்பல்ல போயிருக்கான், வர ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள கிழவி போய்ச் சேர்ந்துட்டா என்ன பண்றது? அப்போ உப்பு ஏத்திக்கிட்டுப் போற படகுக்காரன் சொன்னான், "ஆத்து வழியா மேல போனா ஒரு தேயிலை ஊரு இருக்கும்மா. ரொம்பப் பழைய ஊரு. அங்க டீ குடிச்சா செத்த நாக்கும் எந்திரிச்சு உக்காரும். விடியக்காலம் போறேன், பொழுது சாயுறப்போ திரும்பிடுவேன். வர்றீங்களா?"

"டீ குடிக்க ஒரு பயணமா? கடல் தண்ணியே இங்க சும்மா கிடக்கு"ன்னா தோமே. ஆனா படகுல முதல்ல ஏறி உக்காந்தது அவதான்.

ம் சொல்லு.

சளக், சளக்குன்னு படகு போச்சு. வெயில் ஏறுறப்போ ஊரு வந்துச்சு. ஆத்துக்குக் குறுக்க ஒரு நீளமான மரப்பாலம். பாலம் தாண்டினா ஒரே தெரு, ரெண்டு பக்கமும் தேயிலைக் கடை. தெருவே கமகமன்னு வருது. சுத்தி மலைச்சரிவுல எல்லாம் தேயிலைச் செடி. அந்தச் செடிக்கு மேல வைக்கோலும் நாணல் தட்டியும் போட்டுப் பந்தல்.

"செடிக்கு எதுக்குடி பந்தலு? இதுகளுக்குக் கல்யாணமா?"ன்னா தோமே.

இலை கிள்ளிக்கிட்டு இருந்த பொம்பளைங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாளுங்க. "வெயில் படாம வச்சா கசப்பு இருக்காது பெரியம்மா"ன்னாளுங்க.

"எனக்கு வெயிலு மழை எதுவும் படாமத்தான் மருமக வச்சிருக்கா. கசப்பு குறைஞ்சுதான்னு கேளுங்க."

இசோ மெதுவா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா.

முதல் கடை. அங்க ஒருத்தன் தட்டைச் சட்டியில இலைய வறுக்குறான். சர்ரக், சர்ரக். அந்த வாசனைக்குத் தெருவுல போறவன் எல்லாம் திரும்பிப் பாக்குறான். செவசெவன்னு ஒரு டீ போட்டுக் குடுத்தான். தோமே குடிச்சா.

"எப்படி இருக்கு?"ன்னான்.

"சூடா இருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. சூடா இருக்கு."

"எங்க டீயக் குடிச்சு யாரும் இப்படிச் சொன்னதில்ல."

"வந்தவங்க எல்லாம் மரியாதை தெரிஞ்சவங்க போல"ன்னுட்டு எந்திரிச்சுட்டா.

அப்புறம் ரெண்டாவது கடை. அங்க ஒரு பொம்பள கல்லு திருகையில இலைய அரைக்குறா. கொர்ர்ர்… கொர்ர்ர்… அவ்வளவு மெதுவா. வேகமாச் சுத்தினா கல்லு சூடாகி வாசனை போயிருமாம். காலையில இருந்து சுத்தினதுக்கு ஒரு கைப்பிடி பச்சைப் பொடி. அதை ஒரு கிண்ணத்துல போட்டு, வெந்நி ஊத்தி, மூங்கில் துடைப்பம் மாதிரி ஒண்ண வச்சு சர்சர்சர்ருன்னு அடிச்சா. பொங்கி நுரை நின்னுச்சு. குடிக்கிறதுக்கு முன்னாடி கிண்ணத்தைக் கும்பிட்டு, ரெண்டு தரம் திருப்பிட்டுத்தான் குடிக்கணும்.

தோமே கும்பிட்டா. திருப்பினா. குடிச்சா. மீசை மாதிரி பச்சையா ஒட்டிக்கிச்சு.

"அத்தை?"

"நுரை இருக்கு. வேற ஒண்ணும் இல்லடி."

இசோ வெளிய வந்து வானத்தப் பாத்தா. பொழுது பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. இன்னும் ஒரே ஒரு கடைக்குத்தான் நேரம் இருக்கு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

மூணாவது கடை பாலத்து முக்குல. கடைக்காரன் ஒரு தடியன், கண்ணு பாதி மூடியே இருக்கும். பந்தல் போட்டு வளத்த இலை அவன்கிட்டத்தான் இருக்கு. வெந்நிய ஒரு கிண்ணத்துல இருந்து இன்னொரு கிண்ணத்துக்கு ஊத்துறான். அப்புறம் அதுல இருந்து வேற ஒண்ணுக்கு ஊத்துறான். ஆற வைக்கிறானாம்.

"ஆற வைக்கவா நாங்க ஆத்துல வந்தோம்?"ன்னா தோமே.

அவன் காதுலயே வாங்கல. அப்புறமா ஒரு குட்டிக் கிண்ணத்துல சொட்டு… சொட்டு… சொட்டுன்னு ஊத்திக் குடுத்தான்.

"இது என்னய்யா, கண்ணுல விடுற மருந்தா?"

குடிச்சா. ஒண்ணும் இல்ல. அதே இலையில ரெண்டாந்தரம் ஊத்தினான். ஒண்ணும் இல்ல. மூணாந்தரம். ஒண்ணும் இல்ல.

அப்போ தோமே கிண்ணத்தக் கீழ வச்சா. திட்டல. கோவமும் இல்ல. "போதும் இசோ. வீட்டுக்குப் போவோம். இனிமே என்னைச் சாப்பிடச் சொல்லாத"ன்னா.

கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அந்தம்மா இவ்வளவு மெதுவாப் பேசி இசோ கேட்டதே இல்ல. செருப்ப எடுத்து அத்தை காலுக்கு நேரா வச்சா.

அப்போ அந்தத் தடியன், "இருங்க. இலையச் சாப்பிடாமப் போகக் கூடாது. எங்க ஊரு வழக்கம்"னான். ஊறின இலைய ஒரு தட்டுல எடுத்து, மேல ஒரு சிட்டிகை உப்பத் தூவி நீட்டினான்.

வழக்கம்னுட்டானே, அதுக்காக தோமே ஒரு வாய் எடுத்து வச்சா. மென்னா. நிறுத்தினா. மறுபடி மென்னா.

தூ!

"எவ காய்ச்சினா இந்த உப்ப?"

கடைக்காரனுக்கு முழுக் கண்ணும் தொறந்துருச்சு. "என்ன பெரியம்மா?"

"கசக்குதுய்யா! உப்பு திரண்டதும் கூடையில கட்டித் தொங்க விடணும். ரெண்டு நாளைக்குக் கசப்புத் தண்ணி சொட்டு சொட்டா வடியும். வடிஞ்சாத்தான் அது உப்பு. இத வடியவே விடல!"

"இலைதான் கசக்குது போல…"

"இலையச் சொல்லாத! இலை தங்கமா இருக்கு. சன்னமா ஒரு இனிப்பு இருக்கு. உப்புதான்! எவ அந்தக் கழுத?"

"கடலோரத்துல இருந்து படகுல வர்ற உப்புங்க. போன மாசம் வந்த மூட்டை"ன்னு அவன் மூலையக் காட்டினான்.

மூட்டையில வைக்கோல் பிரி முறுக்கிக் கட்டியிருக்கு. அந்த முடிச்சு யாரு போட்டதுன்னு இசோவுக்குத் தெரியும். தோமே படுக்கையில கிடந்தப்போ இசோ தனியா காய்ச்சின உப்பு. வாயத் தொறக்கலன்னா யாருக்கும் தெரியாது. எத்தனையோ ஊர்ல உப்புக் காய்ச்சுறாங்க.

இசோ தரையப் பாத்துக்கிட்டே சொன்னா, "நான்தான் அத்தை. மழையில நனைஞ்சுருமோன்னு கூடைய ஒரே நாள்ல இறக்கிட்டேன்."

கடைக்காரன் சட்டுன்னு டீ ஊத்துற கெண்டிக்குள்ள பாக்க ஆரம்பிச்சுட்டான், என்னமோ உள்ள மீனு விழுந்துட்ட மாதிரி.

தோமே மருமகளையே பாத்தா. அப்புறம் தட்டப் பக்கத்துல இழுத்தா. இன்னொரு வாய் இலைய உப்போட எடுத்து, கண்ண மூடி, மெதுவா மென்னா.

"ஆமா. ஒரே நாளுதான்"னா.

அப்புறம் திட்ட ஆரம்பிச்சா பாரு! கடையில திட்டினா. பாலத்துல திட்டினா. பாலத்து இறக்கத்துல ஒருத்தி மாவுருண்டையக் குச்சியில குத்தி நெருப்புல வாட்டி வித்துக்கிட்டு இருந்தா. அங்க மட்டும் ஒரு நிமிசம் நின்னா. "அது என்ன வாசனை? ஒரு பொட்டலம் வாங்குடி. எனக்குப் பசிக்குது"ன்னா. வாங்கினதும் விட்ட இடத்துல இருந்து மறுபடி திட்டினா.

படகுல ஏறினாங்க. சளக், சளக். படகுக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "பெரியம்மா, கொஞ்சம் மூச்சு விட்டுக்குங்க"ன்னான்.

"நீ துடுப்பப் போடு. நான் என் மருமககிட்டப் பேசுறேன்."

இசோ பொட்டலத்த மடியில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு குச்சியா எடுத்து அத்தை கையில குடுத்துக்கிட்டே வந்தா. தோமே திட்டுறா, மெல்றா. திட்டுறா, மெல்றா. "உப்பு கம்மி"ங்குறா. "கருக்கிட்டா"ங்குறா. ஆனா அடுத்ததுக்குக் கைய நீட்டுறா. கடல் வாசனை வந்து கரை தட்டுறப்போ பொட்டலத்துல வெறும் குச்சிதான் இருந்துச்சு. இசோவுக்குன்னு ஒரு உருண்டையக் கூட மிச்சம் வைக்கல அந்தக் கிழவி. இசோ வெறும் வயித்தோட இறங்கி, கிழவிக்குக் கையக் குடுத்து இறக்கி விட்டா. அப்படி ஒரு நிம்மதி அவளுக்கு.

அவ்வளவுதான் தங்கம். படகும் கரைக்கு வந்துருச்சு, கதையும் கரைக்கு வந்துருச்சு, இனி நீயும் கண்ண மூடிக்கிட்டு அப்படியே… இந்தா வர்றேன் அத்தை, புள்ள இப்பத்தான் கொஞ்சம் கண்ண மூடுது…