பீச் மரத்தின் போன வருஷக் குச்சிகள்

கோத்தகிரி தங்கராஜ் முதலாளிக்குத் தன் பீச், நெக்டரின் பழ மரங்களைப் பற்றி அப்படியொரு பெருமை. மகள் கல்யாணப் படத்துக்கு அழகாயிருக்கட்டும் என்று, பனிக்காலத்தில் எல்லா மரத்தையும் குடை மாதிரி ஒட்ட வெட்டச் சொன்னார். மே மாதம் விருந்தாளிகள் வந்தபோது மரத்தில் பேருக்குக்கூடப் பழம் இல்லை.

அவ்வளவு பேர் முன்னாலேயே தோட்டக்காரி பிலோமியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"ஒரு வாரத்துல கூடை நிறையப் பழம் வரணும். இல்லேன்னா கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு தோட்டத்து வீட்டைக் காலி பண்ணு!"

"தர்றேங்க ஐயா. போன வருஷம் துளிர் விட்ட குச்சியெல்லாம் திருப்பிக் குடுங்க. பீச்சு அதுலதான் காய்க்கும்."

"வெட்டினதை அன்னிக்கே குளிர்காய எரிச்சாச்சேடி!"

"அப்போ இந்த வருஷப் பழத்துலதாங்க ஐயா குளிர் காஞ்சிருக்கீங்க."

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். வீடு தப்பியது.

பிலோமிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எதில் காய்க்கும் என்று வெட்டும்போதே அவளுக்குத் தெரியும். பயத்தில் வாயை மூடிக்கொண்டு, மொட்டு வைத்த குச்சிகளை அவள் கையாலேயே வெட்டிப் போட்டாள். இந்த வாய் அன்றைக்கே திறந்திருந்தால் அந்தக் குச்சிகளாவது பிழைத்திருக்கும்.