வைத்தியர் இடுப்பில் இருந்த சாவி

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள் பிள்ளைகளா. கை கீரையில் இருக்கட்டும், கதை தன் பாட்டுக்குப் போகட்டும்.

மலையடிவாரத்தில் ஒரு ராஜா, ஜனங்களுக்காக வைத்தியசாலை கட்டி வைத்திருந்த காலம் அது. அங்கே தலைமை வைத்தியர் பெருநம்பி. நல்ல கைராசிக்காரர். ஆனால் யாரையும் நம்பமாட்டார். எப்போதோ ஒரு மருந்துக்குப்பி காணாமல் போனதிலிருந்து மருந்துப் பெட்டிக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டார். சாவி அவர் இடுப்பில். "நான் பார்க்காம யாருக்கும் ஒரு சொட்டு குடுக்கக் கூடாது" என்பது கட்டளை.

அதனால் வாசலில் எந்நேரமும் கூட்டம். "ஜனங்கள் ஏன் வெயிலில் காய்கிறார்கள்?" என்று ராஜா கேட்டார். பெருநம்பி வாசலில் ஒரு ஆளைப் போட்டார். கூட்டம் குறையவில்லை. நடையில் ஒரு ஆளைப் போட்டார். குறையவில்லை. கூடத்தில் ஒரு ஆளைப் போட்டார். கூட்டம் இன்னும் கூடித்தான் போனது.

"ஜனங்களுக்குப் பொறுமை இல்லை, மகாராஜா" என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் விடிந்ததும் மூலிகை பறிக்கக் காட்டுக்குப் போனார். ஒரு கொடியைப் பிடித்து இழுத்தார் பாருங்கள், மேலே இருந்த கதண்டுக்குளவிக் கூடு கலைந்துவிட்டது. அத்தனை கதண்டும் மொய்த்துக் கொட்டின. முகம் பூசணிக்காயாக வீங்கியது. கண் கீற்றாகச் சுருங்கியது. நாக்குத் தடித்துப் பேச்சே வரவில்லை.

விறகு வெட்ட வந்த ஒருவன் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். யாரென்று அவனுக்குத் தெரியாது. வைத்தியசாலை வாசல் தெரிந்ததும் பெருநம்பிக்கு உயிர் வந்தது. 'என் இடத்துக்கே வந்துவிட்டேன்.'

வாசல்காரன் மாசாத்தன் மறித்தான். "பேரென்ன? ஊரென்ன? என்ன சீக்கு?"

"பேரு தெரியாதுங்க. கதண்டு கொட்டிருச்சு."

"சரி, நடைக்குப் போ."

நடையில் இருந்தவன் கேட்டான். "பேரென்ன? ஊரென்ன? என்ன சீக்கு?" கூடத்தில் இருந்த தீத்தாரப்பனும் அதையே கேட்டான்.

வாசலில் பெருநம்பியின் தொண்டை கொஞ்சம் அடைத்திருந்தது. நடையில் பாதி அடைத்துவிட்டது. கூடத்தில் மூச்சு நூலாகிவிட்டது.

காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த சடைச்சி என்பவளுக்குப் பொறுக்கவில்லை. "ஏஞ்சாமி, மூணு பேருக்கும் சேர்த்து ஒரே வாயா? கேட்டதையே கேக்குறீங்களே! மருந்தைக் குடுங்கய்யா."

"பச்சைக் குப்பியில இருக்கு தாயி, நான்தான் அரைச்சேன்" என்றான் தீத்தாரப்பன். "பெட்டி பூட்டியிருக்கே. வைத்தியர் வரணும்."

"எப்ப வருவாரு?"

"மூலிகைக்குப் போயிருக்காரு. வந்தாத்தான் உண்டு."

எல்லாரும் பெருநம்பிக்காகக் காத்திருந்தார்கள். அவரும் அவருக்காகவே காத்துக் கிடந்தார். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நடுவில் இருந்தது அவர் போட்ட பூட்டு.

இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"அடேய்! இது வைத்தியர் சாவி!" என்று, பின்னாலேயே வந்திருந்த மாசாத்தன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "அவரை அடிச்சுப் போட்டுட்டுத் திருடிட்டு வந்திருக்கான். யாரும் பெட்டியைத் தொடாதீங்க!"

'நான்தானடா' என்று சொல்ல வாயைத் திறந்தார். விசில் மாதிரி காற்றுத்தான் வந்தது. கூரை இருண்டது.

"திருடனா இருந்தா பிழைச்சதுக்கப்புறம் அடிங்கய்யா" என்றாள் சடைச்சி. "பொணத்தை அடிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

தீத்தாரப்பன் சாவியைப் பார்த்தான். நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்தான். "வேலை போனா போகட்டும்" என்று சாவியைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்தான்.

முதல் சொட்டு விட்டான். அசைவில்லை. இரண்டாவது விட்டான். விரல் அசைந்தது. மூன்றாவது விட்டான். மூச்சு பெரிதாக உள்ளே போனது.

கொஞ்ச நேரம் கழித்து, "தீத்தாரப்பா..." என்று குரல் வந்தது. கேட்டுப் பழகின குரல். மாசாத்தன் பிடித்திருந்த கையை விட்டான்.

"ஐயா, கட்டளையை மீறிட்டேன்" என்று தீத்தாரப்பன் காலில் விழுந்தான்.

"முதல்ல அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்தைக் குடு" என்றார் பெருநம்பி. "அதுவும் எனக்காகத்தானே காத்துக் கிடக்கு."

மறுநாள் அவர் தன் ஆசனத்துக்குப் போகவில்லை. வாசலில், நோயாளிகள் நடுவே போய் உட்கார்ந்தார். "ஏன் பேரு, ஊரு, சீக்குன்னு கேக்குறே?" என்று மூன்று ஆட்களையும் கேட்டார். மூன்று பேரும் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்கதான் கேக்கச் சொன்னீங்க" என்றார்கள்.

அன்றைக்கே பூட்டைக் கிணற்றில் போட்டார். கேள்வி கேட்க ஒருவன் போதும் என்றார். மற்ற இருவரும், தெரிந்த நோய்க்குத் தெரிந்த மருந்தை உடனே எடுத்துக் கொடுத்தார்கள். சிக்கலான நோய் உள்ளவர் மட்டும் அவரிடம் வந்தார். உச்சிப்பொழுதுக்குள் வாசல் காலி.

வேலை எங்கே தேங்குகிறது என்று தெரிய வேண்டுமானால், வேலை வாங்குகிறவர் காத்துக் கிடப்பவரின் இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பூட்டு என்ன ஆச்சு என்றா கேட்கிறீர்கள்? கிணறு தூர் வாரின வருஷம் அது மேலே வந்தது. ராஜா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, பெருநம்பியிடம்... இதோ வந்துட்டேன் அத்தை, தொட்டில்ல பிள்ளை அழுவுதா? மீதியை அப்புறம் சொல்றேன், பிள்ளைகளா.