எட்டாவது ஒயின்

புதுச்சேரியில், படகுகள் கட்டிக் கிடக்கும் தேங்காய்த்திட்டுக் கரையில், செலின் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். பத்து மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே கீற்று. கடை அவ்வளவுதான். ஆனால் அங்கே ஒயின் கிடைக்கும். சுவரில் மாட்டிய கரும்பலகையில் ஏழே ஏழு பெயர்கள். எதைக் கேட்டாலும் பாட்டில் காலியாகாமல் யாரும் எழுந்ததில்லை. அடேயப்பா, அந்தக் கைராசியைப் பேசாத ஆள் ஊரில் கிடையாது!

அவளிடம் பாடம் கேட்க வந்தவர் தணிகாசலம். செலினைவிட இருபது வயது மூத்தவர். சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றில் ஒயின் பிரிவுக்குத் தலைவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு சுவைத்தால் போதும், திராட்சை எந்த ஊர், எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். லேசுப்பட்ட நாக்கா அது!

அப்பேர்ப்பட்டவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"செலினம்மா, எங்க ஓட்டல்காரங்க கடலோரமா ஒரு மீன் உணவகம் திறந்தாங்க. நூத்தி நாப்பது ஒயின் வச்சு நான்தான் பட்டியல் போட்டேன். பாட்டில் பாதியோட திரும்பி வருது. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா வேலை போயிடும். உங்க ரகசியத்தைச் சொல்லுங்க."

"என் பலகையில இன்னொண்ணுக்கு இடம் இருக்குண்ணே. எட்டாவதா ஒண்ணு எடுத்துக் குடுங்க. பாத்துருவோம்."

உள்ளறையில் புதிதாக வந்த பன்னிரண்டு பாட்டில்கள் இருந்தன. தணிகாசலம் முறைப்படி வாயைக் கொப்பளித்தார். ஒரு மிடறு எடுத்து, நாக்கில் உருட்டி, வாளியில் துப்பினார். மறுபடி கொப்பளித்தார். ஒவ்வொரு பாட்டிலுக்கும் இப்படியே.

மூன்றாவது பாட்டிலுக்கு முகத்தைச் சுளித்தார். "இது ஒயினா? கல்யாண வீட்டு சர்பத்!" லேபிளில் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

கடைசியில் ஒரு சிவப்பு ஒயினைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். "இதும்மா ராஜா!"

மதியம் ஒரு கணவனும் மனைவியும் வந்து நண்டு மசாலா கேட்டார்கள். செலின் அந்த ராஜாவையே ஊற்றினாள். கணவன் ஒரு வாய் குடித்து நெற்றியைச் சுருக்கினான். மனைவி தண்ணீர் கேட்டாள். அப்புறம் இருவரும் பாட்டிலைத் தொடவே இல்லை.

தணிகாசலத்தின் முகம் செத்துப்போனது.

"அவங்களுக்கு ஒயின் தெரியலை" என்றார்.

"உக்காருங்கண்ணே, சாப்பிடலாம்."

இலையில் அதே நண்டு, ஓரத்தில் நெத்திலி வறுவல். அவர் பதறிவிட்டார். "காரமா? வேலை நேரத்துல நான் காரம் தொட்டு இருபத்திரண்டு வருஷம் ஆச்சும்மா. நாக்கு போயிடும்!"

"போகட்டும்."

மறுத்துப் பேசத்தான் நினைத்தார். நண்டின் வாசனை விடவில்லை. ஒரு காலைக் கடித்தார். காது சூடேறியது, மூக்கு ஒழுகியது, கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீர்ச் செம்பைத் தேடினார். செலின் அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஈரத்துணி சுற்றிய ஒரு பாட்டிலிலிருந்து சில்லென்று ஊற்றிக் கொடுத்தாள்.

குடித்தார். கடித்தார். மறுபடி குடித்தார். அப்புறம் அந்த மனிதர் தலை நிமிரவே இல்லை. நண்டு ஓட்டை உறிஞ்சிக்கொண்டே இடது கையால் டம்ளரை நீட்டினார், மூன்று தடவை.

இலை காலியான பிறகுதான் பேச்சு வந்தது. "அம்மாடி! நாக்கைத் தடவிக் குடுக்குதும்மா! எந்த ஊர் ஒயின் இது?"

"உங்களுக்குத்தான் ஒரு மிடறுலேயே தெரியுமேண்ணே."

"கவனிக்கணும்னே தோணலைம்மா" என்றார் வெட்கத்தோடு.

செலின் ஈரத்துணியை அவிழ்த்தாள். லேபிளில் பெருக்கல் குறி.

தணிகாசலம் தான் போட்ட குறியையே பார்த்தார். அப்புறம் செலினைப் பார்த்தார். வயது மறந்து, கும்பிடத் தோன்றியது அவருக்கு.

அவள் சாக்பீஸை நீட்டினாள். "எட்டாவதை நீங்களே எழுதுங்க."

"இரும்மா, கையெல்லாம் மசாலா. கழுவிட்டு வந்துடறேன்."

"கழுவாதீங்கண்ணே. வாயைக் கழுவித்தானே காலையில தப்பாப் போச்சு."