ஆமா போட ஆள்

“இவனுவளோட மாரடிக்க முடியல, ஆசானே. மூணு பேரையும் ஊருக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன்.”

கொம்பையா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

ஆசான் செண்பகவடிவு அவரைவிட எட்டு வயது இளையவர். வில்லுப்பாட்டுச் சொல்லிக்கொடுத்ததால் அவருக்கு ஆசான். வயதுக்கு மரியாதையாக அந்த அம்மா கொம்பையாவை அண்ணாச்சி என்பார்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, என்ன சங்கதி என்று கேட்டார்.

வில்லுப்பாட்டில் ஒருவர் கதை சொன்னால், கூட இருப்பவர்கள் ‘ஆமா’ போட வேண்டும். கொம்பையா பதினெட்டு வருஷம் தனி ஆளாக ஊர் ஊராகப் போனவர். தானே பாடி, தானே ஆமா போட்டு, பேரும் வாங்கிவிட்டார்.

இப்போது முதல் ஆல்பம். கூட்டாளிகள் மூவர் வேலைக்கு லீவு போட்டு ஆசையாக வந்திருந்தார்கள். நாலு நாளாகியும் ஒரு பாட்டு முடியவில்லை. ஸ்டூடியோ இனி நாளை ஒருநாள்தான் கிடைக்கும்.

“ஒருத்தனாவது நேரத்துக்கு ஆமா போடுதானா? எல்லாம் பிந்திப் பிந்தி விழுது. இன்னைக்கு வாயையே திறக்கல. உம்முனு உக்காந்திருக்கானுவ.”

போனில் இருந்த பதிவைப் போட்டுக் காட்டினார். ஆசான் முழுசாகக் கேட்டார். கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா? சாப்பிட்டாச்சு.”

கொம்பையா திறந்த வாயை மூடினார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“மதினிக்குக் கால்வலி தேவலையா? தேவலை.”

தேவலை இல்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. அதன் பதிலும் ஆசான் வாயிலிருந்தே கூடவே வந்தது.

மகள், மழை, வாழைத்தோட்டம் என்று வரிசையாகப் போயிற்று. கொம்பையாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது.

“கூட்டாளிகள அனுப்பிரலாமா? அனுப்பிரலாம்.”

“எம்மா, கேட்டது என்கிட்டதானே? என்னைப் பதில் சொல்ல விட்டாத்தானே நான்...”

பாதியில் நிறுத்திவிட்டு, போனில் அந்தப் பதிவை மறுபடி போட்டார். ஒவ்வொரு வரிக்கும் முதல் ஆமா அவர் குரலிலேயே விழுந்தது.

ஆசான் கீரைத் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, கூட்டாளிகள அனுப்பிரலாமா?”

இந்த முறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். ஒரு கொத்துக் கீரை முழுக்க உருவி முடித்தார்.

“வேண்டாம்” என்றார் கொம்பையா.

பிந்தித்தான் விழுந்தது.