மூன்று அச்சு

“ஒரு பொம்பளையோட காலைத் தின்னுட்டான் சாமி, அவன்.”

சங்கிலிமுத்து மடத்துப் படி ஏறும்போதே சொன்னார். பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். அறுபது வயது. மடத்துத் துறவியான அடிகள் அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் பன்னிரண்டு வருஷமாகச் சங்கிலிமுத்துதான் அவருக்குச் சீடர்.

அடிகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “யாரு?”

“பேரைச் சொன்னா என் வாய்தான் நாறும். அந்த அறக்கட்டளைக்காரன்.”

“மாடத்தி விஷயமா? உட்காரும்.”

மாடத்தி லாரியில் அடிபட்டு வலது காலை முட்டிக்குக் கீழே இழந்தவள். செயற்கைக் கால் வாங்கித் தருகிறோம் என்று அறக்கட்டளை விழா எடுத்தது. அவளை மேடையில் உட்காரவைத்து, எல்லாரும் பார்க்க, அந்த வலது காலின் மிச்சத்தில் மாவுக்கட்டுப் போட்டு அளவுக்கு அச்சு எடுத்தார்கள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணம் போட்டார்கள். அடுத்த வருஷமும் விழா, அச்சு. அதற்கடுத்த வருஷமும். கால் வரவில்லை. அவளைத் தூக்கிப் போக ஆள் வேண்டுமே என்று மகள் மில் வேலையை விட்டுவிட்டாள்.

“இன்னிக்கு அவன் ஆபீசுக்கே போயிட்டேன். மூணு அச்சையும் கண்ணாடி அலமாரியில கொலு மாதிரி வச்சிருக்கான். முதல்ல பெருசு, அடுத்தது சிறுசு, அதுக்கடுத்தது இன்னும் சிறுசு. கால் சூம்பிக்கிட்டே போகுதுல்லா.”

“கணக்குக் கேட்டீரா?”

“கேட்டேன். வழவழன்னு ஒரு புத்தகம் கொடுத்தான். பந்தல், பேனர், வீடியோ, விருந்து, பொன்னாடை, கேடயம். கடைசிப் பக்கத்துல, ‘செயற்கைக் கால், நிதி போதாமையால் அடுத்த ஆண்டு’ன்னு போட்டிருக்கு. அந்தப் புத்தகம் அடிச்ச காசுக்கே ஒரு கால் வாங்கலாம்.”

“மாடத்தி என்ன சொன்னா?”

சங்கிலிமுத்துவின் குரல் இறங்கியது.

“சிரிக்கா சாமி. ‘நாலாவது அளவுக்கு அவங்களை வரச் சொல்லாதீய அண்ணாச்சி, எடுக்க ஒண்ணும் மிஞ்சாது’ங்கா.”

அடிகள் கை கீரைக்கட்டின்மேல் நின்றது.

“விழாவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தது யாரு?”

“நான்தான். கடை கடையா ஏறி, கெஞ்சி, மிரட்டி.”

“இரும்பு வாங்கையில தராசை எத்தனை தடவை பார்ப்பீர்?”

“மூணு தடவை. படிக்கல்லையும் தூக்கிப் பார்ப்பேன். என்னை ஒருத்தன் ஏமாத்திர முடியுமா?”

“மேடையில என்ன பார்த்தீர்?”

சங்கிலிமுத்து தரையைப் பார்த்தார். “பொன்னாடை போட்டான். கும்பிட்டேன். இறங்கிட்டேன்.”

அடிகள் எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் மூன்று பொன்னாடைகள். மடிப்புக்கூடக் கலையவில்லை.

“இது முதல் வருஷம். இது ரெண்டாவது. இது போன மாசம். அவ கால்ல மாவு பூசும்போது நான் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து ஆசி சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா சாமி.”

“கேட்டிருக்கலாம்.”

அடிகள் பொன்னாடைகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

“எங்கே சாமி?”

“அவன்கிட்ட.”

“நீங்க போனா மட்டும் கொடுத்திருவானா?”

“கொடுக்க மாட்டான்.”

“பிறகு எதுக்கு வெயில்ல?”

அடிகள் திரும்பாமலே சொன்னார்:

“அந்த அலமாரி முன்னால இதைப் போட்டுட்டுச் சொல்லணும். தையக்காரன்கூட ஒரு தடவைதான் அளவெடுப்பான். நீ மூணு தடவை எடுத்துட்டே. அவ காலைக் கொடு.”