ஹால்டன்ரீட்டின் நாற்காலி

ஏரிக்கரை ஊர் அது. எந்தச் சண்டையிலும் சேராத நாடு. சண்டை போடுகிறவர்கள் எல்லாம் பேசித் தீர்க்க அங்கேதான் வருவார்கள். அதனால் அந்த ஊரில் ஓட்டல் வாடகை மட்டும் குறைந்ததே இல்லை.

பேச்சு மண்டபத்தின் சுவரில் மூன்று பெரிய படங்கள். மூவருக்கும் ஒரே குடும்பப் பெயர், ஹால்டன்ரீட். ஜெர்மானியப் பெயர். முதலாமவர், மலைநாட்டுக்கும் கரைநாட்டுக்கும் நடந்த பழைய போரை நிறுத்திய பிரபு. அடுத்தவர் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். மூன்றாவது ஓர் அம்மாள். நாடுகளின் சபை ஒன்றைத் தலைமையேற்று நடத்தியவர்.

நடுவர் வேலை பழக வந்திருந்த எட்வின் தினமும் அந்தப் படங்களுக்குக் கீழே சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார். அவர் பெயரும் ஹால்டன்ரீட். ஊர் தரங்கம்பாடி.

அவருடைய குரு ஜுலைகா மரைக்காயர், காரைக்கால்காரர். மொழிபெயர்ப்பாளராக வந்து, நடுவராக உயர்ந்தவர். சீடரைவிட வயதில் இளையவர். வயதைப் பார்த்தா தொழில் கற்றுக்கொள்கிறோம்? பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் தனியே இருக்கும்போது இருவரும் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள்.

ஜுலைகாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. அன்றன்றைய பேச்சு முடிந்ததும் மேசைமேல் இருக்கும் பெயர்ப்பலகைகளை எல்லாம் தன் கையாலேயே எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டுவிடுவார். மறுநாள் காலையில் அவரவர் வந்து, கை நீட்டி, அவரிடம் வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

முதல் நாள் மலைநாட்டுத் தளபதி ஓர்தான் முறைத்தார். "ஆளை அனுப்பி வாங்கிக்கொள்கிறேன்."

"அனுப்புங்கள். அப்படியானால் அந்த ஆளே பேசட்டும்" என்றார் ஜுலைகா.

தளபதி கை நீட்டினார்.

அந்த மேசையில் கிடந்த விஷயம் இது. மலையில் ஓர் ஊர் முற்றுகையில் இருந்தது. மாவு இல்லை, மருந்து இல்லை. அங்கே போக ஒரே கணவாய்ப் பாதை. அதைப் பிடித்து வைத்திருந்தது கரைநாட்டுப் படை. கரைநாட்டுப் பிள்ளைகள் பலர் மலையில் கைதிகளாக இருந்தார்கள். மாவு லாரிகள் ஏற வேண்டும், கைதிகள் இறங்க வேண்டும். பனி விழத் தொடங்கிவிட்டால் பாதை மூடிவிடும். அப்புறம் பேசி என்ன பயன்?

மாவு மூட்டைக்கு அடியில் சிப்பாய்கள் ஒளிந்து வருவார்கள் என்று தளபதி பயந்தார். லாரியையும் பிடுங்கிக்கொண்டு கைதிகளையும் விடமாட்டார்கள் என்று கரைநாட்டுப் பெண் அமைச்சர் லெயிதா பயந்தார். இரண்டு பயமும் நியாயமானவை. அதுதான் சங்கடம்.

அன்று சாயங்காலம் தளபதி திடீரென்று எட்வினைச் சுட்டிக் காட்டினார்.

"இவர் வாக்குக் கொடுக்கட்டும். நாளைக் காலை கையெழுத்துப் போடுகிறேன்."

எல்லோரும் எட்வினைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கள் பாட்டன் சொல்லியிருக்கிறார். பழைய போரில் ஊருக்குள் வந்த முதல் மாவு வண்டியில் ஒரு ஹால்டன்ரீட் உட்கார்ந்திருந்தார். கொட்டுகிற பனியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாராம். அவர் வம்சம் இதோ என் எதிரில் இருக்கிறது. அந்த ரத்தம் வாக்குக் கொடுத்தால் போதும். வேறு எவன் பேச்சும் எனக்கு வேண்டாம்."

லெயிதா முகம் சுளித்தார். "அந்தக் குடும்பம் என்றைக்குமே மலைப்பக்கம் சாய்கிற குடும்பம்தானே" என்று முணுமுணுத்தார். ஆனாலும் மறுக்கவில்லை. கைதிகளில் ஒருவன் அவருடைய தங்கை மகன்.

எட்வின் வாய் திறப்பதற்குள் ஜுலைகா எழுந்துவிட்டார். "நாளைக் காலை பார்க்கலாம்."

எல்லோரும் போனார்கள். ஜுலைகா பெயர்ப்பலகைகளைப் பொறுக்கத் தொடங்கினார். எட்வின் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் அந்தக் குடும்பம் இல்ல."

"தரங்கம்பாடியில ஏது அந்தக் குடும்பம்?"

"பாதிரியார் ஒருத்தர் வச்ச பேரு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா அவரோட அச்சுக்கூடத்துல மை அரைச்சவரு. ஞானஸ்நானம் குடுக்கும்போது தன் பேரையே குடுத்துட்டாரு."

"நல்ல மனுஷன்."

"முதல் நாள் இந்த ஊர் மந்திரி என்னை அறிமுகப்படுத்தறப்போ 'அந்த மாபெரும் வம்சத்தின் வாரிசு'ன்னுட்டாரு. நான் பொய் சொல்லல மேடம். திருத்தல. அவ்வளவுதான்."

"சிரிச்சீங்க. நான் பாத்தேன்."

எட்வின் தலை குனிந்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். கோபம் வந்துவிட்டது.

"அப்பா பேரை வச்சு எட்வின் தேவசகாயம்னு வந்திருந்தா எவன் கதவைத் திறந்திருப்பான்? எத்தனை வாசல்ல நின்னிருக்கேன் தெரியுமா? இந்தப் பேரைச் சொன்ன பிறகுதான் நாற்காலி போட்டாங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீங்க ஏன் அன்னிக்கே சொல்லல?"

"உங்க பேரு. நான் எதுக்குச் சொல்லணும்?"



"சரி, கேக்க வந்ததைக் கேளுங்க" என்றார் ஜுலைகா.

"நாளைக்கு வாயை மூடிக்கிட்டுத் தலையை ஆட்டினா பாதை திறந்துடும். உண்மையைச் சொன்னா அந்த ஆளு எழுந்து போயிடுவான். மேல ஜனங்க பட்டினி கிடக்கறாங்க. ஒரு தலைவன் இதுல என்ன செய்யணும்? அந்த மூணு பேரும் என் இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பாங்க?"

"கேட்டுட்டாப் போச்சு."

ஜுலைகா டப்பாவைத் துழாவினார். எட்வினின் பெயர்ப்பலகையை எடுத்தார். காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதற்கு எதிரே மேசைமேல் பலகையை நிறுத்தினார். குனிந்து வணக்கம் வைத்தார்.

"ஹால்டன்ரீட் அவர்களே, நாளைக்குப் பாதையைத் திறந்து விடுவீங்களா?"

நாற்காலி சும்மா இருந்தது.

ஜுலைகா காத்திருந்தார். விளையாட்டு என்று நினைத்து எட்வின் சிரிக்கப் போனார். குருவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இவர் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது.

"லாரி பாதி மலையில நிக்குதுன்னு வச்சுக்குங்க. உங்க தாத்தா யாருன்னு எவனோ ஒரு பத்திரிகைக்காரன் தோண்டி எழுதிட்டான். மேலேயும் துப்பாக்கி, கீழேயும் துப்பாக்கி. என்ன செய்யப் போறீங்க?"

நாற்காலி சும்மாவே இருந்தது.

"பதிலே வரல" என்றார் ஜுலைகா. "ரொம்பப் பெரிய ராஜதந்திரி போலிருக்கு."

எட்வினின் காது சிவந்தது. "கிண்டல் பண்ணாதீங்க மேடம். எனக்கு வழி சொல்லுங்க."

ஜுலைகா சுவரில் இருந்த முதல் படத்தைக் காட்டினார்.

"அந்தப் பிரபு மலைக்குப் போனப்போ, எந்த ஹால்டன்ரீட்டோட பேரைச் சொல்லிக்கிட்டுப் போனாரு?"

பலகையை நாற்காலி முன்னாலேயே விட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை எல்லோரும் வரிசையாக வந்து கை நீட்டினார்கள். தளபதி வாங்கினார். லெயிதா வாங்கினார். எட்வின் முறை வந்தது. ஜுலைகா டப்பாவை மூடிவிட்டார்.

"உங்களோடது அங்கேயே இருக்கு. வேணும்னா எடுத்துக்குங்க."

பலகை நேற்று வைத்த இடத்தில் அப்படியே நின்றது. எட்வின் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. மேசை முனையில் போய் நின்றுகொண்டார்.

"உட்காருங்கள், ஹால்டன்ரீட். வாக்கைச் சொல்லுங்கள்" என்றார் தளபதி. பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டார்.

"சொல்வதற்கு முன் ஒரு விஷயம். படத்தில் இருக்கிறவர் எனக்கு யாரும் இல்லை."

"என்ன?"

"இந்தியாவில் ஒரு கடற்கரை ஊர் என்னுடையது. எங்கள் முன்னோர் ஒருவர் அச்சுக்கூடத்தில் மை அரைத்தவர். அவருக்கு ஒரு பாதிரியார் கொடுத்த பெயர் இது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நாற்காலி கிடைத்த சந்தோஷத்தில் சொல்லவில்லை."

தளபதியின் பேனா மேசையில் உருண்டது. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

லெயிதா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இத்தனை நாளாக இந்த மனிதரைக் கண்டா பயந்தேன்!"

"பொய்யன்!" என்றார் தளபதி.

"ஆமாம்" என்றார் எட்வின். "இப்போது வாக்கைச் சொல்கிறேன். முதல் லாரியில் நான் ஏறுகிறேன். ஒவ்வொரு மூட்டையையும் என் கண் முன்னால் குத்திப் பாருங்கள். ஒரு சிப்பாய் இருந்தால் முதல் குண்டு எனக்கு. அமைச்சரம்மா, உங்களுக்கும்தான் சொல்கிறேன். கைதிகள் கடைசி ஆள்வரை இறங்குகிற வரைக்கும் நான் மலையிலேயே இருப்பேன்."

"உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" தளபதி கத்தினார். "ஒரு ஹால்டன்ரீட் செத்தால் உலகம் கேட்கும். உன்னை எவன் கேட்பான்?"

"எவனும் கேட்க மாட்டான். என்னிடம் இருப்பது ஒரே உயிர். அதைத்தான் பிணையாக வைக்கிறேன். வேறு சரக்கு என்னிடம் இல்லை. வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்கள். பனி நமக்காகக் காத்திருக்காது."

குரல் உயரவில்லை. மேசையைத் தட்டவும் இல்லை.  

தளபதி கதவுவரை போய்விட்டார். கதவுக்குப் பக்கத்தில்தான் அந்தப் பிரபுவின் படம் இருந்தது.

"தளபதி, ஒரு சந்தேகம்" என்றார் ஜுலைகா. "வாக்கே போதும் என்றால் அந்தப் பிரபு எதற்காகப் பனியில் வண்டி ஏறினார்?"

தளபதி திரும்பவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.  லெயிதாகூடச் சிரிப்பை விட்டுவிட்டார்.

"எங்கள் பாட்டனும் முதலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை" என்றார் கடைசியில். குரல் தணிந்திருந்தது. "வண்டி ஊருக்குள் வந்து சேருகிறவரை, 'பொய்யன்' என்றுதான் கூப்பிட்டாராம்."

திரும்பி வந்தார். விழுந்த நாற்காலியைத் தானே தூக்கி நிறுத்தினார். ஆனால் உட்காரவில்லை. நின்றபடியே எட்வினை ஏற இறங்கப் பார்த்தார்.

"மலையில் குளிர் அதிகம். இந்தக் கோட்டு போதாது."

"வேறு கோட்டு இல்லை."

"என் ஆள் ஒருவன் தருவான். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்."

"கைதிகளையும் கோட்டையும் சேர்த்தே கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம்" என்றார் லெயிதா.

தளபதி பேனாவைத் தேடினார். அது மேசைக்கு அடியில் கிடந்தது. லெயிதாதான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

எல்லையில் லாரிகள் தயாராக இருந்தன. எட்வினை அங்கே கொண்டுபோக மண்டப வாசலில் கார் வந்து நின்றது. மலைநாட்டுச் சிப்பாய் ஒருவனின் கோட்டு அவர் தோளில் தொளதொளவென்று தொங்கியது. காருக்குப் போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் திரும்பி வந்தார்.

காலி நாற்காலிக்கு எதிரே பெயர்ப்பலகை இன்னும் நின்றுகொண்டிருந்தது. மற்றப் பலகைகளை எல்லாம் ஜுலைகா டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

எட்வின் பலகையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதைத் தூக்கிப் போட்டுடுங்க மேடம். வேற எழுதிக்கலாம். தேவசகாயம்னே எழுதச் சொல்லிடுங்க."

ஜுலைகா அதை வாங்கினார். தன் முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். டப்பாவுக்குள் போடவில்லை. மறுபடி அந்த நாற்காலிக்கு எதிரேயே வைத்தார்.

"இருக்கட்டும். எல்லாரையும் இறக்கிட்டுத் திரும்பி வாங்க" என்றார். "அப்புறம் அது உங்க பேரு."