பலகையில் இல்லாத தாய்மாமன்

கருமாங்காட்டில் ஊர்க் குடும்பங்களின் வம்சாவளியைத் திரட்ட ஒரு குழு இருந்தது. உறவுமுறை விசாரித்துப் பலகையில் எழுதித் தருவது பாவாயியின் வேலை. ஒருநாள் ரைஸ்மில் முதலாளி சிவமலை அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"மக காதுகுத்துக்கு எங்க வம்சத்தை எழுதி மண்டபத்துல மாட்டோணும். ஏழைபாழை ஒருத்தன் பேரும் வரப்படாது. வந்தா, உங்க குழுவுக்கு நான் விட்ட கட்டடத்தைப் பூட்டிப்போடுவேன்!"

"ஆகட்டுங்க" என்றாள் பாவாயி.

காதுகுத்து அன்று பலகை ஜொலித்தது. ஆசாரி ஊசியை எடுத்து, "தாய்மாமன் வந்து புள்ளைய மடியில வெச்சுக்கங்க" என்றார். சைக்கிளில் உப்பு விற்கும் பழனியப்பன்தான் தாய்மாமன். பலகையில் தன் பேர் இல்லாததைப் பார்த்திருந்த அவர் கடைசி வரிசையைவிட்டு அசையவில்லை.

"எங்கே போனான்?" என்று சிவமலை கத்தினார்.

"யாருங்க? நீங்க சொன்னபடி எழுதினதுல தாய்மாமனே இல்லீங்களே" என்றாள் பாவாயி. "பணக்கார மாமன் யாராச்சும் வாடகைக்குக் கிடைப்பாங்களான்னு பாக்கட்டுங்களா?"

மண்டபமே சிரித்தது. சிவமலையின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "எங்கண்ணன் பேரையா எடுக்கச் சொன்னீங்க?" என்றாள்.

சிவமலை கடைசி வரிசைக்கு ஓடினார். "வாங்க மச்சான், வாங்க! பாவாயி, சீக்கிரம் பேரை எழுது!"

"எத்தனை பெருசா எழுதட்டுங்க?"

"எங்க வீட்டுக்காரர் பேரைவிடப் பெருசா!" என்றாள் மனைவி.